காயைக் கொடுத்து நேரத்தை வாங்குவது: எப்போது கொடுக்கலாம், கொடுத்த பின் எப்படி ஆடுவது?

சதுரங்கம் ஆடும் ஒருவரின் கேள்வி இது: "காயைக் கொடுத்து இனிஷியேட்டிவ் வாங்கலாம் என்கிறார்கள். நான் கொடுத்தால் பத்து நகர்த்தலுக்குள் தாக்குதல் தீர்ந்துபோகிறது. அப்புறம் ஒரு சிப்பாய் குறைவோடு எண்ட்கேமில் தோற்கிறேன். எப்போது கொடுக்கலாம், கொடுத்த பிறகு எப்படி ஆட வேண்டும், பழகுவதற்கு எந்த ஓப்பனிங் நல்லது? ரேட்டிங் 1500 பக்கம்."

"தீர்ந்துபோகிறது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அதுதான். இனிஷியேட்டிவ், அதாவது ஆட்டத்தை நடத்தும் பிடி, தீர்ந்துபோகக்கூடியது. நீங்கள் மிரட்டுகிறீர்கள், எதிராளி அதற்குப் பதில் சொல்கிறார், மறுபடி மிரட்டுகிறீர்கள். தன் திட்டத்தைத் தொடங்க அவருக்கு ஒரு நகர்த்தல்கூட ஓய்வு கிடைக்கவில்லை. இந்த நிலை நீடிக்கிறவரை ஆட்டத்தின் கடிவாளம் உங்கள் கையில். ஆனால் நீங்கள் கொடுத்த சிப்பாய் அப்படித் தீர்ந்துபோகாது. 12ஆம் நகர்த்தலில் அது எதிராளிக்குக் கூடுதல் சிப்பாய், 50ஆம் நகர்த்தலிலும் கூடுதல் சிப்பாய்தான். நிலையான ஒன்றைக் கொடுத்து, கரைந்துகொண்டே இருக்கிற ஒன்றை வாங்குகிறீர்கள். அதனால் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது, எதிராளியின் காய்கள் விழித்துக்கொண்டு வேலைக்கு வர எத்தனை நகர்த்தல் ஆகும் என்பது. "எனக்குத் தாக்குதல் கிடைக்குமா" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் என்றுதான் மனசு சொல்லும். அந்தக் கேள்வி ஏமாற்றும்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். கணக்குப் போட்டு முடித்துவிடக்கூடிய பலிகள் (வேண்டுமென்றே காயைக் கொடுப்பவை) உண்டு. பிஷப் எச்7-இல் வெட்டி செக், ராஜா அதை எடுக்கிறார், குதிரை ஜி5-இல் செக், ராணி எச்5-க்கு வருகிறது என்ற பழைய வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே ராஜா போகக்கூடிய கட்டங்கள் மூன்றோ நான்கோதான். உட்கார்ந்து எண்ணினால் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். அதற்குத் துணிச்சல் தேவையில்லை, கணக்கு போதும். நீங்கள் கேட்பது கணக்கின் முடிவு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வகை. மேட் எங்கே என்று தெரியாது, காய் திரும்பக் கிடைக்குமா என்றும் தெரியாது. அங்கே மதிப்பிட வேண்டியிருக்கிறது, மதிப்பிடப் பழக வேண்டியிருக்கிறது.

மதிப்பிடுவது என்றால் எப்படி? பலகையில் மொத்தம் எத்தனை காய் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சண்டை நடக்கிற இடத்தில் யாருக்கு எத்தனை காய் என்று எண்ணுங்கள். 1858இல் பாரிஸ் ஓப்பரா அரங்கில் பால் மார்ஃபி ஆடிய ஆட்டத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எதிரே ஒரு பிரபுவும் ஒரு கோமகனும் சேர்ந்து கறுப்பு ஆடினார்கள். 10ஆம் நகர்த்தலில் மார்ஃபி பி5-இல் குதிரையைக் கொடுத்தார். அந்த ஆட்டத்தின் கடைசி ராணி பலிதான் எப்போதும் பேசப்படுகிறது. அதை விட்டுவிட்டு, 10ஆம் நகர்த்தலில் பலகையை நிறுத்திக் கறுப்பின் பக்கத்தைப் பாருங்கள். ராஜா இ8-இலேயே இருக்கிறார். ராணி இ7-இல் நின்று தன் பிஷப்பின் வழியை மறிக்கிறது. அந்த பிஷப் அசையாததால் எச்8 யானையும் அடைபட்டுக் கிடக்கிறது. வெள்ளைக்கு ராணி, இரண்டு பிஷப்புகள், குதிரை எல்லாம் வெளியே. அடுத்து ராணிப் பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்தால் யானை ஒரே நகர்த்தலில் டி7-ஐத் தாக்குகிறது. பெயருக்குக் கறுப்பிடம் ஒரு பிஷப் தவிர எல்லாக் காய்களும் இருக்கின்றன. சண்டையில் இருப்பவை பாதிதான். எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் அந்த ஆட்டம் முடியும்வரை ஒரு கட்டம்கூட நகரவில்லை. மேட் ஆகும்போது கறுப்பிடம் ராணி, யானை, பிஷப், குதிரை. வெள்ளையிடம் ஒரு யானையும் ஒரு பிஷப்பும்.

இந்த எண்ணிக்கையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். என் பக்கம் சண்டைக்கு வந்த காய்கள் எத்தனை, இன்னும் ஒரே நகர்த்தலில் வரக்கூடியவை எத்தனை, எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்தில் காவலுக்கு இருப்பவை எத்தனை, வெளியே இருப்பவை வந்து சேர எத்தனை நகர்த்தல். தாக்குகிறவை காப்பவற்றைவிட ஒன்றே ஒன்று அதிகம் என்றால் நான் காயைக் கொடுக்கத் தயங்குவேன். இரண்டு அதிகம், எதிராளிக்கு ஆள் கூட்ட மூன்று நகர்த்தலாவது வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுப்பேன். ஓப்பனிங்கில் ஒரு சிப்பாய்க்கு மூன்று டெம்போ (ஒரு நகர்த்தல் அளவு நேரம் ஒரு டெம்போ) சமம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அது தோராயமான அளவுதான், ஆனால் பலகைக்கு முன் உட்கார்ந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு. கோடுகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் கூடவே பாருங்கள். நடுப்பலகை சிப்பாய்களால் அடைபட்டிருந்தால் வேகத்துக்கு மதிப்பே இல்லை. நீங்கள் மூன்று நகர்த்தல் முந்தியிருந்தாலும் உள்ளே போக வழி இருக்காது. ஆளுக்கு ஒரு பிஷப் மிஞ்சி, அவை எதிரெதிர் நிறக் கட்டங்களில் ஓடுகின்றன என்றால் அது தாக்குகிறவருக்கு லாபம். உங்கள் பிஷப் தாக்கும் கட்டத்தை அவருடைய பிஷப்பால் காக்கவே முடியாது, அதனால் நீங்கள் ஒரு காய் கூடுதலாக வைத்து ஆடுவதுபோல ஆகிவிடும்.

கொடுத்த பிறகு எப்படி ஆடுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். அதற்கு எனக்குப் பிடித்த ஓர் ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகக் காட்டுகிறேன். ரஷீத் நெஜ்மெத்தினோவ் வெள்ளை, செர்னிகோவ் கறுப்பு, ரஸ்தோவ், 1962. சிசிலியன் என்ற ஓப்பனிங்கில் ஒரு டிராகன் வகை. கறுப்பு 11ஆம் நகர்த்தலில் பிஷப்பை எஃப்6-க்குக் கொண்டுவந்து, எச்4-இல் இருந்த வெள்ளை ராணியைத் தாக்குகிறார். ராணியைப் பின்னால் எடுத்தால் ஆட்டம் அமைதியாகப் போகும். நெஜ்மெத்தினோவ் ராணியாலேயே அந்த பிஷப்பை வெட்டினார். கறுப்புக் குதிரை இ2-இல் செக் கொடுத்துச் சாகிறது, கறுப்பின் இ-சிப்பாய் ராணியை எடுக்கிறது. கணக்கு முடிந்தபோது வெள்ளை ராணியைக் கொடுத்து ஒரு பிஷப்பையும் ஒரு குதிரையையும் வாங்கியிருக்கிறார். வழக்கமான மதிப்பில் ஒன்பதுக்கு ஆறு.

அடுத்து வெள்ளை என்ன ஆடினார் என்று பாருங்கள். இ2-இல் இருந்த குதிரை சி3-க்குத் திரும்பியது. அங்கிருந்து டி5-க்கு ஏறியது. பிஷப் இ3-இலிருந்து டி4-க்கு. ஏ1 யானை டி1-க்கு, அதன் பிறகு டி3-க்கு, அப்புறம் எஃப்3-க்கு. ஆறு நகர்த்தல்கள். ஒரு செக் இல்லை, ஒரு வெட்டு இல்லை. எல்லாம் எஃப்6 என்ற ஒரே கட்டத்தைப் பார்க்கின்றன: குதிரை, பிஷப், யானை. கறுப்பின் முதல் மூன்று நகர்த்தல்களும் அந்தக் கட்டத்தைக் காப்பதிலேயே செலவாகின்றன. ராணி ஏ5-இல் வேலையின்றி நிற்கிறது. பலிக்குப் பிறகு முதலில் பார்த்தால் சி8 பிஷப்பும் ஏ8 யானையும் தொடங்கிய இடத்திலேயே இருக்கின்றன. ராஜாவுக்கு முன்னால் இருந்த கறுப்புக் கட்ட பிஷப் போய்விட்டதால் எஃப்6, ஜி7, எச்6 எல்லாம் ஓட்டை. 21ஆம் நகர்த்தலில் குதிரை எஃப்6-ஐ வெட்டியது, 22இல் எச்7-ஐச் செக்கோடு வெட்டியது, 33ஆம் நகர்த்தலில் கறுப்பு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அந்த ஆறு அமைதியான நகர்த்தல்கள்தான் பாடம். ராணியைக் கொடுத்த கைக்கு அடுத்த நிமிஷமே செக் கொடுக்கத் துடிக்கும். கொடுத்த காய்க்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பதற்றம் அது. ஆனால் ஒவ்வொரு வெற்று செக்கும் எதிராளியின் ராஜாவை நல்ல இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. தாக்குதலில் சேராத உங்கள் காய் எது என்று தேடி, அதைக் கொண்டுவருவதுதான் பெரும்பாலும் சரியான நகர்த்தல். உங்கள் ஆட்டங்களை எடுத்து, காயைக் கொடுத்த பின் வந்த ஐந்து நகர்த்தல்களை மட்டும் பாருங்கள். புதிதாக ஒரு காயாவது சண்டைக்கு வந்ததா? நான் பார்த்தவரை 1500 பக்கத்தில் தோற்கும் பலி ஆட்டங்களில் ஏ1 யானை கடைசிவரை ஏ1-இலேயே நிற்கும். கொடுத்தது தப்பாக இருக்காது, கூட்டிவராததுதான் தப்பு.

இன்னொரு பதற்றம், கொடுத்த சிப்பாயை முதல் வாய்ப்பிலேயே திரும்ப எடுத்துவிடுவது. எடுக்கப் போன காய் ஓரமாகப் போய்விடும், அது திரும்பி வருவதற்குள் எதிராளி காஸ்லிங் செய்து மூச்சு விட்டுவிடுவார். கணக்கு சமமாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும், ஆட்டத்தின் பிடி போயிருக்கும். சிப்பாய் எங்கும் ஓடிப்போகாது, அது பலவீனமாக இருந்தால் ஐந்து நகர்த்தல் கழித்தும் எடுக்கலாம். காய் மாற்றங்களிலும் இதே கவனம் வேண்டும். பொதுவாக, கொடுத்தவர் காய்களைக் குறைக்கக் கூடாது. காவலுக்கு நிற்கிற முக்கியமான காயை மாற்றி அப்புறப்படுத்துவது மட்டும் விதிவிலக்கு. எதிராளியிடம் கறுப்புக் கட்டங்களைக் காக்க ஒரே ஒரு பிஷப் இருந்தால் அதை மாற்ற எதையும் கொடுக்கலாம்.

சரி, எதிராளி என்ன செய்வார்? நல்ல எதிராளி வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பார். இதை முன்கூட்டியே யோசிக்காமல் காயைக் கொடுக்கவே கூடாது. முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ் காலத்துக்கு முன்பு, பலியை ஏற்றால் கடைசிவரை பிடித்துக்கொண்டு தாக்குதலைத் தாங்குவதுதான் வழக்கமாக இருந்தது. பிறகு தற்காப்பு ஒரு கலையாக வளர்ந்தது. இரண்டாவது உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கரின் பெயரில், தொடக்கத்திலேயே சிப்பாயைக் கொடுக்கும் இவான்ஸ் காம்பிட் என்ற ஓப்பனிங்குக்கு எதிராக ஒரு தற்காப்பு இருக்கிறது. அதில் கறுப்பு வாங்கிய சிப்பாயை வைத்துக்கொள்ளப் போராடுவதே இல்லை. பிஷப்பைப் பத்திரமான இடத்துக்கு எடுத்துப் போய், "வேண்டுமானால் சிப்பாயை எடுத்துக்கொள், ராணிகளையும் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறது. வெள்ளை ஆசைப்பட்டு எடுத்தால் கணக்கு சமம், ராணிகள் இல்லை, தாக்குதலும் இல்லை, கறுப்புக்கு வசதியான எண்ட்கேம். இதைச் செய்ய எதிராளிக்கு வழி இருக்கிறதா, குறிப்பாக ராணிகளை மாற்றிவிட முடியுமா என்பதைப் பலிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். உங்களுக்குத் தாக்குதல் தீர்ந்துபோகிற ஆட்டங்களைத் திருப்பிப் பார்த்தால் பாதியிலாவது ஒரு ராணி மாற்றம் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு பாதுகாப்பு வலையும் உண்டு. திட்டம் பலிக்காவிட்டால் தொடர்ந்து செக் கொடுத்து டிரா எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் பலியின் ஆபத்து பாதியாகக் குறைகிறது. பெரிய ஆட்டக்காரர்கள் "உள்ளுணர்வால் கொடுத்தேன்" என்று சொல்லும் பல பலிகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கும்.

தாக்குதலுக்காக மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. 1953இல் சூரிக் கேண்டிடேட்ஸ் போட்டியில் (உலக சாம்பியனுக்குச் சவால்விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியன் கறுப்பு ஆடினார். வெள்ளைக்கு டி4, இ5 என்று இரண்டு சிப்பாய்கள் நடுவில், பின்னால் இரண்டு பிஷப்புகள், இ கோட்டில் இரட்டை யானை. அந்தச் சிப்பாய்கள் உருள ஆரம்பித்தால் கறுப்பு நசுங்கிப்போகும். கறுப்புக் குதிரைக்கு டி5-க்குப் போக வேண்டும், போனால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அது சி6-இல் இருக்கிறது, போகிற வழியான இ7-இல் தன் யானையே நிற்கிறது. 25ஆம் நகர்த்தலில் பெட்ரோசியன் அந்த யானையை இ6-இல் கொண்டுபோய் வைத்தார். பிஷப் வெட்டிக்கொள்ளலாம் என்று. ரெஷெவ்ஸ்கி உடனே வெட்டவில்லை, ஒரு நகர்த்தல் கழித்து வெட்டினார். அதற்குள் குதிரை இ7-க்கு வந்துவிட்டது. அடுத்து டி5-இல் உட்கார்ந்தது. அதை அங்கிருந்து விரட்ட வெள்ளையிடம் ஒரு சிப்பாயும் இல்லை, வெள்ளைக் கட்ட பிஷப்பும் யானையை வெட்டியதில் போய்விட்டது. 30ஆம் நகர்த்தலில் ரெஷெவ்ஸ்கியே ஒரு யானையைத் திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் டிரா. இங்கே மேட் மிரட்டல் ஒன்றுமே இல்லை. எதிராளியின் வேகத்தை நிறுத்தக் கொடுத்த விலை அந்த யானை. தாக்குதலுக்குப் பேர்போன மிகைல் டால் மாதிரி ஆட மனசு வராதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம், பிஷப்புக்கோ குதிரைக்கோ யானையைக் கொடுக்கும் பலி நாம் நினைப்பதைவிட மலிவானது.

டாலைப் பற்றிக் கட்டாயம் ஒரு பத்தி வேண்டும், ஏனென்றால் "கணினி இதைத் தப்பு என்கிறதே" என்ற கேள்வி அடுத்து வரும். 1960 உலக சாம்பியன்ஷிப், அப்போதைய சாம்பியன் பாட்வினிக்குக்கு எதிராக ஆறாவது ஆட்டம். டால் கறுப்பு. 21ஆம் நகர்த்தலில் குதிரையை எஃப்4-இல் வைத்துக் கொடுத்துவிட்டார். பின்னாளில் அலசியவர்கள் வெள்ளைக்குச் சரியான தற்காப்பு இருந்ததைக் காட்டினார்கள். ஆனால் பாட்வினிக் அதைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடிக்கவில்லை, தோற்றார். டால் 23 வயதில் உலக சாம்பியன் ஆனார். மறு ஆண்டே பாட்வினிக் பட்டத்தைத் திரும்ப வாங்கிவிட்டார் என்பதும் உண்மை. கணினி காட்டும் சமம் என்பது இரண்டு பக்கமும் மிகச் சிறந்த நகர்த்தல்களை ஆடினால் வருகிற சமம். தாக்குகிறவருக்கு மூன்று நான்கு நல்ல நகர்த்தல்கள் இருக்க, காப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நகர்த்தல்தான் இருக்கிறது என்றால் அந்த சமம் மனிதர்களுக்கு சமம் இல்லை. அலசும்போது எண்ணை மட்டும் பார்க்காமல், முதல் நகர்த்தலுக்கும் இரண்டாவது சிறந்த நகர்த்தலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இரண்டு பக்கத்துக்கும் பாருங்கள். கணினியே இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2017இல் ஆல்ஃபாஜீரோ என்ற கணினி நிரல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்னொரு நிரலை வென்ற ஆட்டங்களில், எதிராளியின் காய்களை அடைத்துவைக்கச் சிப்பாய்களையும் காய்களையும் கொடுத்துவிட்டு, முப்பது நகர்த்தல் பொறுமையாக ஆடியதை உலகமே வாய் பிளந்து பார்த்தது.

இனி ஓப்பனிங். உங்கள் நிலைக்கு நான் சொல்வது இவான்ஸ் காம்பிட். இத்தாலியன் எனப்படும் தொடக்க நிலையில், கறுப்பு பிஷப் சி5-இல் இருக்கும்போது வெள்ளை பி4-இல் சிப்பாயை நீட்டுகிறார். பிஷப் எடுத்ததும் சி3, பிஷப் ஓட வேண்டும், அந்த நேரத்தில் டி4. பழைய சரக்கு என்று ஒதுக்க வேண்டாம், 1995இல் ரிகாவில் காஸ்பரோவ் இதையே ஆனந்துக்கு எதிராக எடுத்து 25 நகர்த்தலில் வென்றார். பெங்கோ காம்பிட்டும் நல்லதுதான், ஆனால் அது வேறு ரகம். அங்கே கறுப்புக்குத் திறந்த ஏ, பி கோடுகளின் அழுத்தம் ராணிகள் போன பிறகும் நிற்கும். அவசரப்பட வேண்டிய கட்டாயமே இல்லாததால் வேகத்தின் அருமையை அது கற்றுத்தராது. அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவான்ஸில் ஒரு வரிசையை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். கறுப்பு பிஷப் ஏ5-க்குப் போகிறது, நீங்கள் டி4, கறுப்பு இ-சிப்பாயால் அதை வெட்டுகிறார். சி-சிப்பாயால் திருப்பி எடுக்கக் கை நீளும், ஆனால் எடுக்க முடியாது: ஏ5 பிஷப்பின் பார்வை நேராக உங்கள் ராஜா மேல், நடுவில் நிற்பது அந்த சி3 சிப்பாய் மட்டும்தான். அதனால் காஸ்லிங். ஆசைப்பட்ட கறுப்பு சி3-ஐயும் வெட்டுகிறார். இப்போது நீங்கள் ராணியை பி3-க்குக் கொண்டுவருகிறீர்கள், சி4 பிஷப்போடு சேர்ந்து எஃப்7-இல் மிரட்டல். கறுப்பு ராணி எஃப்6-க்கு வந்து காக்கிறது. நீங்கள் இ5, ராணி ஜி6-க்கு ஓடுகிறது. அதற்கப்புறம்தான் குதிரையால் சி3 சிப்பாயை எடுக்கிறீர்கள். கணக்குப்படி இரண்டு சிப்பாய் குறைவு. ஆனால் உங்கள் காய்களில் சி1 பிஷப்பும் ஏ1 யானையும் தவிர எல்லாம் வெளியே வந்துவிட்டன, அந்த பிஷப்பும் அடுத்து ஏ3-க்குப் போய் எஃப்8 வரை பார்க்கும். கறுப்பு ராஜா இன்னும் நடுவிலேயே.

இந்த நிலையை வைத்து கணினியோடு விளையாடுங்கள், வெள்ளையாக ஒரு முறை, கறுப்பாக ஒரு முறை. கறுப்பாக ஆடுவதை விட்டுவிடாதீர்கள். எந்த மிரட்டல் உண்மையிலேயே வலிக்கிறது, எது வெறும் சத்தம், எந்த நகர்த்தலில் மூச்சு விட நேரம் கிடைத்தது என்பதெல்லாம் அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரியும். கணினியை முழு பலத்தில் வைக்க வேண்டாம், உங்களைவிட 200 ரேட்டிங் அதிகமாக வைத்தால் போதும். மூச்சு விட நேரம் கிடைத்த அந்த நகர்த்தலைக் குறித்துவைத்து, வெள்ளைக்கு அங்கே வேறு என்ன இருந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் இன்னும் வேலைக்கு வராத ஒரு யானை கிடைக்கும்.